மனநல ஆராய்ச்சியில் கரையில் இருப்பவனுக்கு என்ன இடம்? ராமநாதபுரம் கடலோரத்தை வைத்து ஒரு விவாதம்

உப்புக்காற்று | தேவிபட்டினம்

மனநலம் பற்றி இங்கே அவ்வப்போது ஒரு செய்தி விழும், நாலு பேர் கைகூப்பிவிட்டுக் கடந்துபோவோம். இந்த முறை கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம் என்று தனி இழை தொடங்குகிறேன்.

இந்தத் துறையில் சமீபமாக இரண்டு பக்கமும் நகர்வு இருக்கிறது. ஒன்று மருந்து. 1950களில் குளோர்புரோமசின் வந்தது முதல் மனச்சிதைவுக்கான (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனத்தின் வழியைத்தான் தடுத்துக்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸானோமெலின், ட்ரோஸ்பியம் கூட்டு மருந்து அந்த வழியை நேரடியாகத் தொடாமல் மஸ்கரினிக் ஏற்பிகள் என்ற வேறு வழி மூலம் வேலை செய்கிறது. பெரிய விஷயம்தான். ராமநாதபுரம் மருந்துக்கடைக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பது வேறு கதை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு பக்கம். மருத்துவர் அல்லாதவர்கள் செய்யும் சிகிச்சை. கோவாவில் சங்காத் அமைப்பு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டு முறை பேசவைத்தது. 2017இல் முடிவு வந்தது, பலன் தெளிவாகத் தெரிந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு ஊர்ப் பாட்டிமார்களை உட்காரவைத்து, மனம் சரியில்லாமல் வருகிறவர்களோடு பேசவைத்தார். அதன் ஆய்வு முடிவு 2016இல் வந்தது.

அப்புறம் மூன்றாவதாக ஒன்று. நோயோடு வாழ்கிறவர்களே ஆராய்ச்சி மேசையில் உட்காருவது. மனநோய் மீதான ஒதுக்கல் பற்றி 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் அறிக்கை கொடுத்ததே, அதன் இணைத் தலைவர்களில் ஒருவரான சார்லின் சன்கெல் மனச்சிதைவோடு வாழ்பவர். ஒதுக்கலைக் குறைப்பதற்கு, நோயை அனுபவித்தவரோடு நேரில் பழகுவதுதான் மிகவும் பலன் தருகிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது. சுவரொட்டியும் ஊர்வலமும் அதற்குப் பின்னால்தான்.

நம் கரையில் "சமூகப் பங்கேற்பு" என்றால் என்ன நடக்கிறது? ஒரு முகாம், ஒரு பேனர், டீ, பிஸ்கட், குழுப் படம். குணமாவது என்றால் உங்களுக்கு என்ன என்று யாராவது நம் ஆட்களைக் கேட்டிருக்கிறார்களா? கேட்காமல் அளந்தால் அது யாருடைய ஆராய்ச்சி?

மூக்கையூரான்

அண்ணே, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனால் எங்கள் பக்கம் கதை அதற்கு முந்திய கட்டத்திலேயே நிற்கிறது. சாயல்குடி வந்து, அங்கிருந்து பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றால், "இந்த மாத்திரை இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சொன்ன நாட்கள் உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, தேவையும் இல்லை. மாத்திரையே ஒழுங்காகக் கிடைக்காதவனிடம் போய் "உன் குரல் எங்களுக்கு முக்கியம்" என்றால் சிரிப்பான்.

செவிலி_ஓய்வு

மூக்கையூர் தம்பி சொல்வது பாதி பிரச்சினை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் சோதித்துப் பார்த்து, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டமாக விரிந்தது. அதாவது தாலுகா மருத்துவமனை வரை மனநல மருத்துவர் வந்து பார்க்கவேண்டும், மாத்திரை இலவசம் என்ற எண்ணம் புதிது இல்லை. எண்ணம் இருந்தும் எட்டவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது, அதில் தமிழ்நாடும் உண்டு. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடிப் போகின்றன. அந்தப் பையிலேயே மனநல மாத்திரையையும் மாதா மாதம் எல்லாக் கிராமத்துக்கும் அனுப்பினால் பாதிப் பேர் மருந்தை நிறுத்த மாட்டார்கள் என்பது என் அனுபவம். பஸ்ஸில் போய் வாங்கும் மாத்திரை, பஸ் காசு இல்லாத மாதத்தில் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

ஏர்வாடி_வாசல்

இந்த மாவட்டத்தில் மனநலம் என்று ஆரம்பித்தாலே அடுத்த வரி எங்கள் ஊர் ஏர்வாடிக்குத்தான் வரும். நானே சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. அந்த வரிக்குப் பின்னால் எங்கள் ஊர் இருக்கிறது.

ஆனால் வெளியூர்க்காரர்கள் பேசும்போது தர்காவையும் அந்தக் கொட்டகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தர்காவுக்கு வருகிறவர்களை யாரும் இழுத்துவரவில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வருகிறார்கள். ஏன்? இங்கே யாரும் படிவம் நீட்டுவதில்லை, "எத்தனை நாள் இருப்பீர்கள்" என்று கேட்பதில்லை. கத்துகிற பிள்ளையோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார், அவரும் அப்படி ஒரு பிள்ளையோடு வந்தவர். அதனால்தான் குஜராத்தில் உனாவா தர்காவில் தொடங்கிய "தவா, துவா" (மருந்தும் பிரார்த்தனையும்) முறையை இங்கேயும் கொண்டுவந்தார்கள். துவா கேட்டுவிட்டு அப்படியே மருத்துவரையும் பார்த்து மாத்திரை வாங்கிப்போகலாம். ஓதுகிறவரே "டாக்டரையும் பாருங்கம்மா" என்று சொல்லும்போது கேட்கிறார்கள். வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் குழுவினர் எழுதியது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறி அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே மருந்து கொடுக்கவில்லை. தாங்கிக்கொள்ளும் இடம், கோயிலில் செய்யச் சிறுசிறு வேலை, கூடவே குடும்பம், அவ்வளவுதான்.

ஆய்வு_மாணவி

ஏர்வாடி அண்ணா, அந்தக் கட்டுரை எனக்கும் பிடித்ததுதான், ஆனால் அதன் தோளில் இவ்வளவு சுமை ஏற்றக் கூடாது. 31 பேர்தான். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வருவார்கள். உச்சத்தில் வந்தவருக்கு ஆறு வாரம் கழித்து அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த ஆசிரியர்களே இதை மருந்துக்கு மாற்று என்று சொல்லவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வேண்டுமென்றால் 2014இல் லான்செட்டில் வந்த கோப்ஸி. கோவா, சாத்தாரா, நம் காஞ்சிபுரம். மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து மருந்து பற்றிப் பேசுவது, உடல்நலம் கவனிப்பது, வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுவது, உறவினரைத் தயார்ப்படுத்துவது. ஓராண்டு முடிவில் இரண்டாவது குழு கொஞ்சம் மேல். "கொஞ்சம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வித்தியாசம் அதிகமாகத் தெரிந்த இடம் காஞ்சிபுரம். அங்கே நடத்தியது மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு.

புதுக்கோட்டையில் அதே ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸை மனநல மருத்துவமனையாக மாற்றி ஊர் ஊராக ஓட்டியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னையில் இருக்கும் மருத்துவர், கீழே இறங்கினால் மருந்து. நம் கடற்கரைச் சாலைக்கு அப்படியே பொருந்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "நம் ஊரில் குடும்பம் தாங்கும், அதனால் மனச்சிதைவு இங்கே சீக்கிரம் தெளியும்" என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளை வைத்துப் பெருமையாகப் பேசுவார்கள். சென்னையில் 1981 முதல் 90 பேரைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்த டாக்டர் தாரா உள்பட நாலு பேர் 2008இல் அந்தக் கருத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். குடும்பம் தாங்குகிறது என்ற வார்த்தைக்குள் ஒரு அக்காவோ அம்மாவோ நசுங்கிக்கொண்டிருப்பது பல நேரம் தெரிவதில்லை.

தங்கச்சிமடத்து_அக்கா

கடைசி வரிக்காகத்தான் லாகின் செய்தேன். பொதுவாக நான் இங்கே படிப்பதோடு சரி.

என் தம்பிக்கு இருமுனை மனநோய். போட்டில் போகிறவன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆள் சாந்தமாக இருப்பான், ஆனால் விடியற்காலையில் எழுப்ப முடியாது. எழுந்தாலும் தள்ளாடுவான். தள்ளாடுகிறவனை வலை இழுக்க யார் ஏற்றுவார்கள்? இரண்டு முறை பார்ப்பார்கள், மூன்றாவது முறை வேறு ஆள் போட்டுக்கொள்வார்கள். அதனால் இவனே மாத்திரையை நிறுத்துவான். அப்புறம் மூன்று நாள் தூக்கமில்லாமல் ஊரைச் சுற்றிக் கடன் வாங்கி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுப்பான்.

டாக்டர் கேட்பது: தூக்கம் எப்படி, கோபம் வருதா, காதில் குரல் கேட்குதா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில். அவர் கணக்கில் என் தம்பி குணமாகிவிட்டான். "தொழிலுக்குப் போறானா" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நானே எல்லாக் கதையையும் கொட்டியிருப்பேன். உப்புக்காற்று அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கடலுக்குப் போய் வந்து பங்குக் காசைக் கையில் வாங்கினால் குணம். அதை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

செவிலி_ஓய்வு

அம்மாடி, தம்பி லித்தியம் சாப்பிடுகிறாரா? இருமுனை நோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. தூக்க மயக்கம் மற்ற மாத்திரைகளாலும் வரும், ஆனால் லித்தியம் என்றால் கடல் தொழிலுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. இதை எல்லோரும் படியுங்கள்.

வெயிலில் வேர்த்து உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். ரத்தத்தில் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும் அப்படியே. கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேச்சுக் குழறுவது, தள்ளாட்டம் எல்லாம் அளவு ஏறியதற்கான அடையாளம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இன்னொன்று, வலி மாத்திரை. இடுப்பு வலி, தோள் வலி என்று டைக்ளோஃபினாக்கும் புரூஃபெனும் நம் கடற்கரையில் மிட்டாய் மாதிரி ஓடுகிறது. இரண்டும் லித்தியம் அளவைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆனால் பயந்து நீங்களாக நிறுத்தக் கூடாது. "இவன் கடலுக்குப் போகிறவன், நள்ளிரவில் கிளம்புவான், பகல் முழுக்க வெயிலில் நிற்பான்" என்று முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், வேளையை மாற்றலாம்.

பாம்பன்_பாலம்

ஒரு மாற்றுக் கருத்து. போட்டை இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் நாட்டுடைமை ஆக்கிவிட்டது, பத்து லட்சம் கடன், மூத்தவன் அங்கே சிறையில். இந்த ஆளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது மனநோயா? பொருளாதாரத்துக்கு மாத்திரை கொடுக்கிறீர்களா? பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு கவுன்சிலர், கடலுக்கு ஒரு தீர்வும் இல்லை. எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் எரிச்சல்.

ஆய்வு_மாணவி

எரிச்சல் நியாயம்தான். குஜராத்தின் மெஹசானா மாவட்டத்தில் ஆத்மீயதா என்ற திட்டத்தை அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஊர்த் தன்னார்வலர்கள் நாலைந்து முறை உட்கார்ந்து பேசுவார்கள், ஆனால் அதோடு விடுவதில்லை. விதவை ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி என்று எது வராமல் நிற்கிறதோ அதற்கு மனு எழுதிக் கூடவே போவார்கள். மனசையும் மனுவையும் ஒரே ஆள் பார்த்தால் மனசு கொஞ்சம் சீக்கிரம் சரியாகிறது. சிறையில் இருக்கிறவரை அது வெளியே கொண்டுவராது, ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்_பாலம்

மனு எழுதிக் கூடவே வருவார்கள் என்றால் சரி, கேட்கிறேன்.

ஒரு விஷயம், குடி. தினமும் குடிக்கிறவன் திடீரென்று குடிக்காமல் கடலில் இருந்தால் ஒரு நாளைக்குள் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். நடுக்கடலில் வலிப்பு வந்தால் ஊரில் "காத்து கருப்பு" என்பார்கள், கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க டாக்டர் வேண்டாம், ஒரு சங்கக் கூட்டம் போதும். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்காரன் எல்லோரும் கரையில்தான் இருப்பான். குடியும் அப்போதுதான் அதிகம். முகாமை அந்த 61 நாளில் வையுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? போட்டு கிளம்புகிற நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு "மீனவர்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

கீழக்கரை_பயணி

நான் துபாயிலிருந்து. ஊர்த் தன்னார்வலர் என்கிறீர்கள், எங்கள் தெருவில் அது நடக்காது. பக்கத்து வீட்டு லாத்தாவிடம் போய் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொன்னால் அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரியும். அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எப்படி? கணவன் வெளிநாட்டில், மாமியார் வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர். அவர்களுக்குப் போன்தான் சரி. 2022 அக்டோபர் 10 முதல் 14416 எண் இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். ஜமாத் நோட்டீஸ் பலகையில் எழுதிவைத்தால் போதும்.

உப்புக்காற்று

கீழக்கரைக் காக்கா சொன்னது நான் யோசிக்காத கோணம் இல்லை, ஆனால் இவ்வளவு துல்லியமாக யோசிக்கவில்லை. கடலோரக் கிராமத்தில் ரகசியம் நிற்காது. அதனால் தன்னார்வலர் அடுத்த ஊர்க்காரராக இருக்கட்டும். பெரியபட்டினத்தவர் தேவிபட்டினம் வரட்டும், எங்கள் ஆள் அங்கே போகட்டும். பெஞ்சை நடுத்தெருவில் போடாமல் சர்க்கரை மாத்திரை வாங்கும் இடத்திலேயே போட்டால், யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது.

கடல்பாசி எடுக்கும் பெண்களிடமும் கேட்கவேண்டும். கழுத்தளவு தண்ணீரில் அவர்கள் சேர்ந்து போகிறார்கள், சேர்ந்து வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு மனம் சரியில்லை என்றால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான், புருஷனுக்கு இல்லை.

அப்புறம் காசு. தன்னார்வலர், தன்னார்வலர் என்று சொல்லி ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக எடுக்கும் ஆய்வுகளை நான் எதிர்க்கிறேன். கேள்வித்தாளோடு வருகிறவருக்குச் சம்பளமும் பயணப்படியும் உண்டு, பதில் சொல்ல அரை நாள் கூலியை விட்டவளுக்கு ஒரு பேனா. முடிவு என்ன வந்தது என்று திரும்பிவந்து ஊர்க் கமிட்டியில் சொன்ன ஆய்வாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆய்வு_மாணவி

குறித்துக்கொண்டேன். நிஜமாகவே. தங்கச்சிமடத்து அக்கா சொன்ன "தொழிலுக்குப் போனாரா, பங்கு வாங்கினாரா" என்பதை ஒரு அளவுகோலாகச் சேர்க்க முடியும். தடைக்காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று யோசிக்கவேண்டும், அந்த 61 நாளில் நல்லவனும் தொழிலுக்குப் போக மாட்டான்.

தங்கச்சிமடத்து_அக்கா

அப்போது வலை பின்னுவார்கள், போட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அதைக் கேளுங்கள்.

மூக்கையூரான்

சரி, ஒன்று கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நோய் முற்றிய நேரத்தில் எங்கள் ஆள் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்க மாட்டார். அப்போது சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் ஒன்று சொல்வான். முன்கூட்டியே எழுதிவைக்க முடியும் என்கிறார்களே, அது என்ன?

ஆய்வு_மாணவி

2017 சட்டத்தில் இரண்டு இருக்கிறது. 5ஆம் பிரிவு, முன்கூட்டிய விருப்ப அறிக்கை. தெளிவாக இருக்கும்போது "எனக்கு நோய் வந்தால் இப்படிச் சிகிச்சை வேண்டும், இப்படி வேண்டாம்" என்று எழுதிவைப்பது. 14ஆம் பிரிவு, பிரதிநிதி நியமனம். அந்த நேரத்தில் என் சார்பில் பேச இன்னார் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

தங்கச்சிமடத்து_அக்கா

பிரதிநிதி சொந்தக்காரராகத்தான் இருக்கவேண்டுமா? என் தம்பி என் பேச்சைக் கேட்க மாட்டான். கூடப் போட்டில் போகிற சேக்காளி ஒருவன் சொன்னால் மாத்திரை சாப்பிடுவான்.

ஆய்வு_மாணவி

இல்லை அக்கா. பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும், அந்தப் பொறுப்பைச் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும், சம்மதம் என்று அவரும் எழுதிக்கொடுக்கவேண்டும். சேக்காளி தாராளமாக இருக்கலாம். எழுதும்போது தம்பியே எழுதட்டும், நீங்கள் எழுதி அவர் கையெழுத்து வாங்காதீர்கள்.

தங்கச்சிமடத்து_அக்கா

அவனே எழுதுவான். கையெழுத்து என்னுடையதைவிட அவனுக்குத்தான் நன்றாக இருக்கும்.